‘நெப்ராஸ்கா’: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘நெப்ராஸ்கா’ எத்தகைய ஆல்பம்?

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆறாவது ஸ்டுடியோ ஆல்பம் இது. கொலம்பியா நிறுவனம் 1982 செப்டம்பர் 30 அன்று வெளியிட்டது. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 41 நிமிடங்கள். ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிக்கா. அங்கங்கே ஒரு மாண்டலினோ இரண்டாவது குரலோ சேர்ந்துகொள்ளும். அவருடன் வழக்கமாக வாசிக்கும் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழுவினரில் ஒருவர்கூட இதில் இல்லை.

அந்த நேரத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார்?

புகழின் ஏறுமுகத்தில் இருந்தார். 1980இல் வெளிவந்த ‘த ரிவர்’ அவருடைய ஆல்பங்களில் முதன்முதலாக அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்த ‘ஹங்ரி ஹார்ட்’ அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வானொலி வெற்றி. அதையொட்டிய நீண்ட இசைப்பயணம் 1981 செப்டம்பரில் சின்சினாட்டியில் முடிந்ததும், நியூ ஜெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குத் திரும்பினார். அவர் வளர்ந்த ஃப்ரீஹோல்ட் அங்கிருந்து கூப்பிடு தொலைவுதான். அடுத்த ஆல்பம் இன்னும் பெரிய வெற்றியாக வேண்டும் என்று நிறுவனம் எதிர்பார்த்திருந்த அந்தக் குளிர்காலத்தில், அவர் தனியாக உட்கார்ந்து, சிறுவயதில் தாத்தா பாட்டி வீட்டில் கழித்த நாட்களையும், தம்மிடம் அதிகம் பேசாத தந்தையையும், ஃப்ளானரி ஓ’கானரின் சிறுகதைகளையும் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுப் படுக்கையறையில் பதிவானதை ஸ்டுடியோ ஆல்பம் என்று சொல்லலாமா?

நேரடி மேடைப் பதிவாகவோ பழைய பாடல்களின் தொகுப்பாகவோ இல்லாமல், புதிய பாடல்களைக் கொண்டு அமைக்கப்பட்ட ஆல்பத்தை ஸ்டுடியோ ஆல்பம் என்பது இசைத்துறை வழக்கம். அந்தக் கணக்கில் இதுவும் ஸ்டுடியோ ஆல்பமே. ஆனால் இதை ஆல்பமாக்கும் எண்ணத்தோடு யாரும் பதிவு செய்யவில்லை என்பதே இதன் வரலாற்றில் முக்கியமான செய்தி. இசைக்குழுவுக்குப் பாடல்களைக் கற்றுக்கொடுப்பதற்காக எடுத்த மாதிரிப் பதிவு அது. ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக்கொண்டே பாடல் எழுதும் பழக்கத்தால் பணமும் காலமும் வீணாவதைக் கண்டு சலித்துப்போன ஸ்பிரிங்ஸ்டீன், இந்த முறை பாடல்கள் தேறுமா தேறாதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான், கலைக்கொள்கை எதுவும் அதன் பின்னால் இல்லை. வீட்டுப் பதிவின் முன்னோடி என்று இந்த ஆல்பத்தை இன்று கொண்டாடுவோர் பலர் இந்த உண்மையைச் சற்று மறந்துவிடுகிறார்கள்.

பதிவு எப்படி நடந்தது?

ஸ்பிரிங்ஸ்டீனின் கிட்டார்களைப் பராமரித்துவந்த மைக் பாட்லன், டியாக் நிறுவனத்தின் 144 போர்ட்டாஸ்டுடியோ என்ற கருவியை வாங்கிவந்து படுக்கையறையில் பொருத்திக் கொடுத்தார். சாதாரண கேசட்டில் நான்கு தனித்தனி ஒலித்தடங்களை (டிராக்குகளை) பதிவு செய்யக்கூடிய அந்தக் கருவி சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வழக்கமான கேசட் பிளேயரைவிட இரு மடங்கு வேகத்தில் அது நாடாவை ஓட்டும். அதனால் ஒலி சற்றுத் தெளிவாக விழும், நாடாவும் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஷ்யூர் எஸ்எம் 57 வகை மைக்குகள் இரண்டு இருந்தன. மேடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும், விலை குறைந்த மைக் அது.

முதலில் கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடுவார். இரண்டு டிராக்குகள் அதற்குப் போய்விடும். மீதமுள்ள இரண்டில் இன்னொரு குரலையோ, ஹார்மோனிக்காவையோ, டாம்பரினையோ சேர்ப்பார். அதற்குமேல் சேர்க்க இடமில்லை என்பதால் பாட்டும் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான பாடல்கள் நான்கைந்து முறைக்குமேல் பாடப்படவில்லை. 1982 ஜனவரித் தொடக்கத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ மட்டும் சில மாதங்கள் கழித்துச் சேர்ந்தது.

நான்கு டிராக்குகளையும் ஒன்றாகக் கலக்கும் வேலை இதைவிட எளிமையாக நடந்தது. எக்கோபிளெக்ஸ் என்ற பழைய எதிரொலிக் கருவியின் வழியாக ஒலியைச் செலுத்தி, ஏற்கெனவே ஒருமுறை தண்ணீரில் விழுந்து, செத்துப் பிழைத்திருந்த ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இறுதிப் பிரதியை எடுத்தார்கள். ஒரு டேப் ரெக்கார்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டு ஏற்றிப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் எவ்வளவு கூடும் என்பது தெரியும். ‘நெப்ராஸ்கா’வில் குரல் ஒரு காலி வீட்டின் கூடத்திலிருந்து வருவதுபோல் கேட்பதற்கு இந்த எதிரொலியும் இந்த இரைச்சலுமே பெருமளவு காரணம். பிறகு ஸ்டுடியோவில் முயன்றும் அந்த ஒலியை மீண்டும் உண்டாக்க முடியவில்லை என்பதை அடுத்த கேள்வியில் காணலாம்.

இசைக்குழுவோடு ஏன் மறுபடி பதிவு செய்யவில்லை?

செய்தார்கள். 1982 ஏப்ரலில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் முழுவதும் கூடியது. மேலாளரும் தயாரிப்பாளருமான ஜான் லாண்டாவுக்கு ஸ்பிரிங்ஸ்டீன் ஏற்கெனவே கேசட்டை அனுப்பி, ஒவ்வொரு பாட்டையும் பற்றிய குறிப்புகளையும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். குழுவினர் திறமைசாலிகள், பாடல்களை உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் டிரம்ஸும் பியானோவும் சேரச் சேரப் பாட்டில் வரும் மனிதர்கள் பின்னுக்குப் போனார்கள். தனிமையில் முணுமுணுத்த கதை, அரங்கத்தை நோக்கிப் பேசும் கதையாக மாறிவிட்டது. பிறகு ஸ்டுடியோவில் தனியாகவே அமர்ந்து நல்ல மைக்கில் பாடியும் பார்த்தார். அதுவும் கேசட்டுக்கு ஈடாகவில்லை.

இதே கேசட்டில் இருந்த வேறு சில பாடல்களுக்கு நேர்மாறாக நடந்தது. ‘பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.’ என்ற பாட்டின் தனிக்குரல் வடிவம் அந்த நாடாவில்தான் முதலில் இருந்தது. கேட்டால் சோர்வான புலம்பலாக இருக்கும். இசைக்குழு அதைத் தொட்டதும் அது வெடித்துக் கிளம்பியது. அடுத்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலாக அது மாறியதும் உலகம் முழுவதும் ஒலித்ததும் பின்கதை. ஒரே கேசட், ஒரே ஸ்டுடியோ, ஒரே சில வாரங்கள்: பாதிப் பாடல்கள் குழுவால் உயிர்பெற்றன, பாதிப் பாடல்கள் குழுவால் உயிரிழந்தன. எது எந்தப் பாதி என்று கேட்டுப் பிரித்தறிந்ததே இந்த ஆல்பத்தின் உண்மையான தயாரிப்பு வேலை என்பது என் கருத்து. படுக்கையறையில் பாடிப் பதிவதை யாரும் செய்துவிடலாம். முதல்தரமான இசைக்குழு வாசித்துக் கொடுத்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, பாக்கெட்டில் உறைகூட இல்லாமல் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்த கேசட்டே ஆல்பம் என்று முடிவெடுப்பதற்கு வேறு வகைத் துணிவு வேண்டும். குழுவின் கிட்டார் கலைஞரும் நெடுநாள் நண்பருமான ஸ்டீவ் வான் ஸாண்ட், அதை அப்படியே வெளியிடும்படி வற்புறுத்தியவர்களுள் ஒருவர்.

கேசட்டை இசைத்தட்டாக மாற்றுவது அவ்வளவு கடினமா?

அன்றைய நுட்பத்தில் கடினம்தான். மெழுகுபோன்ற அரக்குப் பூச்சுள்ள தட்டில் ஊசியால் பள்ளம் வெட்டித்தான் எல்பி ரெக்கார்டின் மூலத்தட்டைத் தயாரிப்பார்கள். நாடாவிலுள்ள ஒலி சீராக இல்லாவிட்டால் அந்தப் பள்ளம் ஒழுங்காக விழாது. ஊசி துள்ளும், ஒலி சிதையும். சாதாரண வீட்டு டேப் ரெக்கார்டரில் எடுத்த பிரதி என்பதால் தயாரிப்புக் குழுவைச் சேர்ந்த சக் பிளாட்கினும் ஒலிப்பதிவாளர் டோபி ஸ்காட்டும் ஓர் இடம் மாற்றி ஓர் இடமாக முயன்று தோற்றார்கள். கேசட்டாக மட்டுமே வெளியிடலாமா என்ற யோசனைகூட எழுந்தது. கடைசியில் அட்லாண்டிக் ஸ்டுடியோவின் டென்னிஸ் கிங், ஒலியளவைத் தாழ்த்தி வெட்டிச் சமாளித்தார். இந்த ஆல்பம் மற்ற ரெக்கார்டுகளைவிடக் குறைந்த ஒலியளவில் ஒலிப்பதற்குக் காரணம் அதுவே.

தலைப்புப் பாடல் உண்மைச் சம்பவமா?

ஆம். 1957 டிசம்பரிலும் 1958 ஜனவரியிலுமாக நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற 19 வயது இளைஞன் பதினொரு பேரைக் கொன்றான்; கூட 14 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். 1959இல் அவனுக்கு மின்நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தச் சம்பவத்தைத் தழுவி டெரன்ஸ் மாலிக் 1973இல் எடுத்த ‘பேட்லேண்ட்ஸ்’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஸ்பிரிங்ஸ்டீன், வழக்கைப் பற்றி நூல் எழுதியிருந்த ஒமாஹா செய்தியாளர் நினெட் பீவரைத் தொலைபேசியில் அழைத்தும் விவரம் கேட்டார்.

பாட்டு கொலைகாரனின் வாய்மொழியாகவே நகர்கிறது. அவன் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. தாலாட்டுக்குரிய மெட்டில், வழிப்போக்கர்களைச் சுட்டதைச் சொல்லிக்கொண்டு போகிறான். ஏன் செய்தாய் என்று கேட்பவர்களுக்கு, உலகத்தில் ஒரு கொடூரம் இருக்கிறது என்பதைத் தவிர அவனிடம் பதில் இல்லை. கொலையுண்டவர்களுக்குப் பாட்டில் குரலே இல்லை என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அவனுக்காக ஒரு சொல்கூடப் பரிந்து பேசாத பாட்டு அது. விளக்கம் சொல்லிக் கேட்பவரை ஆறுதல்படுத்த மறுப்பதால்தான் இன்றும் அது நம்மைத் தொந்தரவு செய்கிறது.

மற்ற பாடல்களில் அக்காலத்து அமெரிக்கா எவ்வளவு தெரிகிறது?

நிறையவே தெரிகிறது, ஆனால் அரசியல் முழக்கமாக அல்ல. ஆல்பம் வெளிவந்த 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ‘ஜானி 99’ பாட்டின் நாயகன், நியூ ஜெர்சியின் மாவா என்ற ஊரிலிருந்த கார் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்தவன். ஃபோர்டு நிறுவனத்தின் அந்தத் தொழிற்சாலை உண்மையிலேயே 1980இல் மூடப்பட்டது. குடித்துவிட்டு ஒருவரைச் சுட்டுக் கொன்ற அவனுக்கு 99 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைக்கிறது. அடைக்க முடியாத கடன் இருந்தது, வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளப் போகிறது, அதனால் நான் குற்றமற்றவன் ஆகிவிட மாட்டேன் என்று நீதிமன்றத்தில் அவனே சொல்கிறான். ஆனால் இந்தப் பாட்டின் மெட்டு துள்ளலானது. அதனால் கதையின் கசப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

‘அட்லாண்டிக் சிட்டி’ சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்து, 1978 முதல் சூதாட்ட விடுதிகள் முளைத்த கடற்கரை நகரத்தைப் பற்றியது. 1981 மார்ச்சில் பிலடெல்பியாவில் குற்றக்கும்பல் தலைவன் ஃபிலிப் டெஸ்டா தன் வீட்டு வாசலில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட செய்தியோடு பாட்டு தொடங்குகிறது. நேர்மையாக உழைத்தும் கடனிலிருந்து மீளாத ஒருவன், யாருக்கோ ஒரு சிறு வேலை செய்துகொடுக்க ஒப்புக்கொண்டு, காதலியை அந்த நகரத்துக்கு வரச் சொல்கிறான். என்ன வேலை என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

எல்லாமே குற்றக் கதைகளா?

இல்லை. ‘மேன்ஷன் ஆன் த ஹில்’, ‘யூஸ்டு கார்ஸ்’, ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ ஆகிய மூன்றும் சிறுவயது நினைவுகள். ஆல்பத்தின் ஆழம் இவற்றில்தான் இருக்கிறது என்பேன்.

‘யூஸ்டு கார்ஸ்’ பாட்டில் ஒரு குடும்பம் பழைய கார் வாங்கப் போகிறது. தங்கை ஐஸ்கிரீமுடன் முன்னிருக்கையில், அம்மா பின்னிருக்கையில் தனியாக. அப்பா ஓட்டிப் பார்க்கிறார். விற்பனையாள் அப்பாவின் கைகளையே வெறித்துப் பார்க்கிறான்; விலையைக் குறைக்க ஆசைதான், முடியாது என்கிறான். எந்த வேலை செய்து அந்தக் கைகள் அப்படி ஆயின என்று பாட்டு சொல்வதில்லை. அந்தப் பார்வையைக் கவனித்த சிறுவன், லாட்டரியில் பணம் விழும் நாளில் பழைய காரில் ஏறவே மாட்டேன் என்று மனத்துக்குள் சூளுரைக்கிறான். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் ‘ஜானி 99’இன் கோபத்துக்கு விதை இங்கே விழுந்திருக்கிறது.

‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ பாட்டில், பிரிந்துபோன தந்தையோடு சமாதானம் செய்துகொள்ள ஒருவன் பழைய வீட்டுக்குப் போகிறான். சங்கிலி போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து, அந்தப் பெயரில் இங்கு யாரும் இப்போது இல்லை என்கிறாள் முன்பின் தெரியாத ஒரு பெண்.

‘ஸ்டேட் ட்ரூப்பர்’ ஏன் இவ்வளவு அச்சுறுத்துகிறது?

ஏறக்குறைய ஒரே கிட்டார் அசைவு பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வருவதால். நியூயார்க்கைச் சேர்ந்த சூயிசைட் என்ற இருவர் குழுவின் கெடுபிடியான மின்னிசையை ஸ்பிரிங்ஸ்டீன் விரும்பிக் கேட்டுவந்தார். அதன் தாக்கம் இதில் வெளிப்படை. உரிமம் இல்லாமல் இரவில் கார் ஓட்டுபவன், போலீஸ்காரர் தன்னை நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போகிறான். முடியும் தறுவாயில் முன்னறிவிப்பின்றி எழும் அந்த அலறல், ஹெட்போனில் கேட்பவர்களைத் தூக்கிவாரிப் போடும். எச்சரிக்கையாகவே சொல்லி வைக்கிறேன்.

கடைசிப் பாட்டு நம்பிக்கை தருகிறதா?

‘ரீசன் டு பிலீவ்’ என்ற தலைப்பைப் பார்த்துப் பலர் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலையோரம் செத்துக் கிடக்கும் நாய் எழுந்து ஓடிவிடும் என்பதுபோல் ஒருவன் குச்சியால் குத்திக்கொண்டு நிற்பதில் பாட்டு தொடங்குகிறது. வராத மணப்பெண்ணுக்காக ஆற்றங்கரையில் மாப்பிள்ளை காத்திருப்பதில் முடிகிறது. இதற்கு மேலும் மனிதர்கள் எதையோ நம்பிக்கொண்டிருக்கிறார்களே என்ற வியப்புத்தான் பாட்டின் தொனி. ஆறுதலாகக் கேட்பவர்களைத் தடுக்க முடியாது; சொற்கள் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வெளிவந்தபோது வரவேற்பு எப்படி இருந்தது?

எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. அமெரிக்காவில் இதிலிருந்து தனிப்பாடல் எதுவும் வெளியிடவில்லை; இசைப்பயணமும் கிடையாது. ‘அட்லாண்டிக் சிட்டி’க்கு எடுத்த கறுப்பு வெள்ளை வீடியோவில்கூட ஸ்பிரிங்ஸ்டீன் தலைகாட்டவில்லை. அட்டையில் அவர் படமும் இல்லை: காரின் முன்கண்ணாடி வழியே தெரியும் வெறுமையான சாலையை டேவிட் மைக்கேல் கென்னடி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இத்தனைக்கும் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. முந்தைய ஆல்பம் திரட்டித் தந்த பெயருக்கு அதில் பங்குண்டு என்பதையும் மறுக்க முடியாது.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ என்ற நியூயார்க் இதழ் அமெரிக்க விமர்சகர்களிடையே நடத்திய அந்த ஆண்டுக் கருத்துக்கணிப்பில் மூன்றாம் இடம் கிடைத்தது. காலம் செல்லச் செல்ல மதிப்பு கூடியிருக்கிறது: ‘ரோலிங் ஸ்டோன்’ தயாரித்த சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் 2003இல் 224ஆம் இடத்தில் இருந்தது, 2020இல் 150ஆம் இடத்துக்கு வந்தது.

1984இல் குடியரசுத் தலைவர் ரீகன் தொடர்பாக ஏதோ நடந்ததாமே?

அந்த ஆண்டு செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் தேர்தல் பிரசாரம் செய்த ரொனால்ட் ரீகன், அமெரிக்காவின் எதிர்காலம் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களிலுள்ள நம்பிக்கைச் செய்தியில் இருப்பதாகப் பேசினார். இரண்டு நாள் கழித்து பிட்ஸ்பர்க் மேடையில், குடியரசுத் தலைவருக்குப் பிடித்த என் ஆல்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்தேன், ‘நெப்ராஸ்கா’வாக இருக்கும் என்று தோன்றவில்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, ‘ஜானி 99’ பாடினார் ஸ்பிரிங்ஸ்டீன். இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான விமர்சனம் இதுவாகத்தான் இருக்கும்.

மற்றக் கலைஞர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

ஜானி கேஷ் மறு ஆண்டே ‘ஜானி 99’, ‘ஹைவே பட்ரோல்மேன்’ இரண்டையும் பாடிப் பதிவு செய்ததோடு, முதல் பாட்டின் பெயரையே தம் ஆல்பத்துக்கும் சூட்டினார். ‘அட்லாண்டிக் சிட்டி’யை த பேண்ட் குழு 1993இல் தன் ஆல்பத்தில் சேர்த்தது. ஷான் பென் இயக்கிய முதல் படமான ‘தி இண்டியன் ரன்னர்’ (1991) ‘ஹைவே பட்ரோல்மேன்’ கதையின் விரிவாக்கம். 2000இல் பல கலைஞர்கள் சேர்ந்து இந்த ஆல்பத்தின் பாடல்களை வரிசையாகப் பாடிய அஞ்சலித் தொகுப்பு ஒன்றும் வந்தது.

இந்தப் பாடல்களுக்கும் அவருடைய மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். ஆல்பத்தை முடித்த பிறகு நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் போன வழியில் மனம் முற்றிலும் குலைந்துபோனதையும், அதன்பின் மனநல சிகிச்சையை நாடியதையும் 2016இல் வெளிவந்த தன்வரலாற்றில் விவரிக்கிறார். ஆனால் பாடல்களை நோயின் அறிகுறிகளாக மட்டும் படிப்பது, அவற்றில் தெரியும் கைத்திறனுக்கு நியாயம் செய்வதாகாது.

இசைக்குழுவோடு எடுத்த பதிவுகளை இப்போது கேட்க முடியுமா?

முடியும். பல பத்தாண்டுகள் வதந்தியாகவே உலவிய அந்தப் பதிவுகள், 2025 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட பதிப்பில் வெளிவந்தன. ஆல்பம் உருவான கதையைச் சொல்லும் ‘ஸ்பிரிங்ஸ்டீன்: டெலிவர் மீ ஃப்ரம் நோவேர்’ என்ற திரைப்படமும் அதே மாதம் திரைக்கு வந்தது, வாரன் ஸேன்ஸின் நூலைத் தழுவியது அது. குழுப் பதிவுகள் மோசமானவை அல்ல. அவை மட்டுமே வந்திருந்தால் நல்ல ராக் ஆல்பம் என்று எழுதியிருப்பார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

‘ஹைவே பட்ரோல்மேன்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். போலீஸ்காரனாக இருக்கும் அண்ணன், அடிக்கடி வம்பில் மாட்டும் தம்பி. ஒரு மதுக்கடைச் சண்டையில் ஒரு பையன் ரத்தவெள்ளத்தில் கிடக்க, தம்பி கனடா எல்லையை நோக்கிக் காரை விரட்டுகிறான், அண்ணன் பின்தொடர்கிறான். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலே கதை புரிந்துவிடும். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதன்பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து வரிசை மாற்றாமல், இரவில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஒலியளவை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும்.